செக்கிழுத்த கைகள் எழுதிய புத்தகம்



பரிசளிப்பு விழா என்றால் மேடையேறிப் பரிசு வாங்குகிற பிள்ளைகள் சில பேர். கீழே உட்கார்ந்து கைதட்டிவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்புகிற பிள்ளைகள் பல பேர். இந்தக் கட்டுரை முக்கியமாக அந்தப் பல பேருக்காகவும், அவர்களைக் கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்துப் போகிற அப்பா அம்மாவுக்காகவும் எழுதப்பட்டது.

லூனாஸ், பாயா பெசார், பாடாங் செராய், குலிம் என்று நம் வட்டாரத்திலே எந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தாலும் ஒரு பேச்சு காதில் விழும். நமக்கெல்லாம் எங்கே அது வரப்போகுது, நம்ம தலையெழுத்து இவ்வளவுதான், நம்ம பிள்ளைக்கு மண்டையிலே ஏறாது என்கிற பேச்சு. தாத்தா சொன்னதை அப்பா சொன்னார். அப்பா சொன்னதை இப்போது புகுமுக வகுப்புக்குப் போகிற பிள்ளையே தன்னைப்பற்றிச் சொல்லிக்கொள்கிறான். மலாய்ப் பாடத்தில் ஒரு தேர்வில் மதிப்பெண் குறைந்துவிட்டால் போதும், எனக்கு மலாய் வராது என்று ஆயுளுக்கும் தீர்ப்பு எழுதிவிடுகிறான்.

இதைச் சோம்பேறித்தனம் என்று திட்டுவது எளிது. அது நியாயமில்லை. விடியற்காலை இருட்டில் பெரட்டுக்கு நின்று, கங்காணியிடமும் கிராணியிடமும் ஏச்சு வாங்கி, மழை பெய்தால் மரம் வெட்ட முடியாமல் கூலியை இழந்து வளர்ந்த குடும்பங்கள் நம் குடும்பங்கள். எதிர்பார்த்தால் ஏமாற வேண்டிவரும், ஆகவே எதையும் எதிர்பார்க்காமல் இருப்பதே நல்லது என்று அந்த மனிதர்கள் கற்றுக்கொண்டார்கள். அன்றைக்கு அது அவர்களுக்கு ஒரு கவசமாக இருந்தது. கவசத்தைக் கழற்றாமலே பிள்ளைகளுக்கும் மாட்டிவிட்டதுதான் கோளாறு.

இந்த எண்ணத்தை எப்படி மாற்றுவது? இதற்கு வழி சொல்கிற புத்தகங்கள் இன்று கடை நிறையக் கிடக்கின்றன. ஆனால் தமிழில் இந்த வகைப் புத்தகங்களுக்கு முன்னோடியாக வந்த ஒன்று எங்கே உருவானது தெரியுமா? சிறைச்சாலையில். அதை எழுதியவர் பகலில் மாட்டுக்குப் பதிலாகச் செக்கிழுத்தவர். அவர்தான் வ.உ.சி. என்று நாம் சொல்லும் வ.உ.சிதம்பரம் பிள்ளை அவர்கள்.

பெரியவர்களுக்கு அவரைத் தெரியும். 1961-இல் வெளிவந்த கப்பலோட்டிய தமிழன் படத்தில் சிவாஜி கணேசன் அவராகவே மாறி நடித்ததைப் பார்த்து, முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்ட தாய்மார்கள் எத்தனையோ பேர். ஆனால் படம் அவருடைய வீரத்தைக் காட்டிய அளவுக்கு, அவர் எழுதியதையும் படித்ததையும் நம் மனத்தில் பதிய வைக்கவில்லை. கப்பல் நினைவிருக்கிறது, செக்கு நினைவிருக்கிறது; புத்தகம் மறந்துபோயிற்று.

1872-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 5-ஆம் நாள் ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். அன்றைய திருநெல்வேலிச் சீமையில் உள்ள ஊர் அது. தந்தையார் உலகநாத பிள்ளை வழக்கறிஞர். தாயார் பரமாயி அம்மாள். மகனும் தந்தையைப் போலவே 1895-இல் வக்கீலானார். ஏழைகளுக்காகப் போலீசாரை எதிர்த்து வாதாடினார். அதனால் உள்ளூரில் அதிகாரிகளின் பகை வளர்ந்தது. தந்தையார் பயந்து 1900-இல் மகனைத் தூத்துக்குடிக்கு அனுப்பிவைத்தார். அமைதியாக இருப்பான் என்று நினைத்து அனுப்பிய ஊரிலேதான் அவர் வெள்ளைக்காரக் கம்பெனியோடு மோதினார். பெற்றவர்களின் கணக்கு சில வேளை இப்படியும் தப்பும்!

அந்தக் காலத்தில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கடல் வாணிபத்தைக் கையில் வைத்திருந்தது பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி. பி.ஐ. கம்பெனி என்று சொல்வார்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் ரஜுலா என்ற கப்பலைப்பற்றிச் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆட்களை ஏற்றிக்கொண்டு பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் வந்துபோன கப்பல். 1926-இல் ஓடத் தொடங்கி 1973 வரை அந்தக் கம்பெனியின் கொடியோடு இந்தக் கடலில் ஓடியது. ஆம், அதே பி.ஐ. கம்பெனிதான். கெடா தோட்டங்களுக்கு நம்மவர்களை ஏற்றிவந்த கம்பெனியை எதிர்த்துத்தான் வ.உ.சி. அவர்கள் கப்பல் விட்டார். இதை நினைக்கும்போது அவர் கதை எங்கோ தூரத்துக் கதையாகத் தோன்றவில்லை.

1906 அக்டோபர் 16-ஆம் நாள் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவு செய்யப்பட்டது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய் என 40,000 பங்குகள். முதலில் வாடகைக்குக் கப்பல் பிடித்து ஓட்டினார்கள். கப்பல் கொடுத்தவர்களை எதிர்க் கம்பெனி மிரட்டியதும் அவர்கள் பின்வாங்கிவிட்டார்கள். இனிச் சொந்தக் கப்பல்தான் என்று வ.உ.சி. பம்பாய்க்குப் புறப்பட்டார். கப்பல் இல்லாமல் ஊர் திரும்புவதில்லை என்பது அவருடைய உறுதி. வீட்டிலே மகனுக்கு உடம்பு சரியில்லை. மனைவியார் மீனாட்சி அம்மாள் கர்ப்பிணி. 1907-இல் காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள் வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றும் 1,300 சாதாரணப் பயணிகளையும் 4,000 மூட்டைகளையும் ஏற்றக்கூடியது.

எதிர்க் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாய்க்குக் குறைத்தது. அதற்கும் ஜனங்கள் மசியவில்லை என்றதும், இலவசமாகவே ஏற்றிக்கொள்கிறோம், கூடவே ஒரு குடையும் தருகிறோம் என்று ஆசை காட்டியது. பணமுள்ள கம்பெனி நஷ்டத்தைத் தாங்கும். 25 ரூபாய்ப் பங்குகளைச் சேர்த்து நடத்துகிற கம்பெனி எத்தனை நாளைக்குத் தாங்கும்?

இதற்கு நடுவிலே அவர் இன்னொரு காரியத்திலும் இறங்கினார். நம் பாட்டாளி மக்கள் கவனிக்க வேண்டிய காரியம் அது. தூத்துக்குடிக் கோரல் மில்லில் வேலை செய்தவர்கள் குறைந்த கூலிக்கு நீண்ட நேரம் உழைத்தார்கள். வார விடுமுறை கிடையாது. 1908 பிப்ரவரி மாதக் கடைசியில் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் துணை நின்றார்கள். வேலை நின்ற நாட்களில் தொழிலாளர் குடும்பங்கள் பட்டினி கிடக்காமல் பார்த்துக்கொண்டார்கள். மார்ச் மாதத் தொடக்கத்தில் முதலாளிகள் இறங்கிவந்தார்கள். கூலி உயர்ந்தது, ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கிடைத்தது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இந்த இடத்துக்குத் திரும்பி வரவேண்டியிருக்கிறது.

அடுத்த வாரமே, மார்ச் 12-ஆம் நாள், அவரையும் சிவாவையும் கைது செய்தார்கள். மறுநாள் திருநெல்வேலியில் கலவரம் மூண்டது. துப்பாக்கிச் சூட்டில் நான்கு உயிர் போயிற்று. ஜூலை 7-ஆம் நாள் நீதிபதி பின்ஹே தீர்ப்புச் சொன்னார். அரசுக்கு எதிராகப் பேசியதற்கு ஓர் ஆயுள் தண்டனை, சிவாவுக்கு உதவியதற்கு இன்னோர் ஆயுள் தண்டனை. ஆக 40 ஆண்டு. அப்போது அவருக்கு வயது 35. முழுத் தண்டனையையும் அனுபவித்து வெளியே வந்தால் 75 வயதாகியிருக்கும். மேல்முறையீடு செய்த பிறகுதான் தண்டனை 6 ஆண்டாகக் குறைந்தது.

தீர்ப்பைக் கேள்விப்பட்ட அவருடைய தம்பி மீனாட்சிசுந்தரம் அவர்களுக்கு மனநிலை பாதிக்கப்பட்டது. இதைச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. மனம் நோயில் விழுவது கோழைத்தனமல்ல. கால் முறிந்தவனை ஓடச் சொல்ல மாட்டோம். அதுபோல மனம் முறிந்தவரிடம் நல்லதையே நினை என்று சொல்லிவிட்டுப் போவதிலும் பயனில்லை. தூக்கமில்லாமல், சாப்பாடு இறங்காமல், சாவைப்பற்றியே பேசிக்கொண்டு யாராவது வீட்டில் இருந்தால், பேய் பிடித்தது என்று மந்திரிக்க அலையாமல் அரசாங்க மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போவது அந்த நோய்க்கான மருந்து அல்ல. எழுந்து நடக்கத் தெம்பு இருந்தும் தன்னால் முடியாது என்று உட்கார்ந்துவிட்டவர்களுக்கான பேச்சு.

வ.உ.சி.யைக் கோயம்புத்தூர்ச் சிறையில் அடைத்தார்கள். முதலில் சணல் கிழிக்கும் இயந்திரத்தைச் சுற்றுகிற வேலை. பேனா பிடித்த உள்ளங்கை. தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. அதன் பிறகு செக்கு.

இந்தக் காலத்துப் பிள்ளைகள் செக்கைப் பார்த்திருக்க மாட்டீர்கள். நம் ஊரில் செம்பனைப் பழத்தை லாரியில் ஏற்றினால் ஆலையில் எண்ணெய் வந்துவிடுகிறது. பழைய செக்கு என்பது ஒரு பெரிய கல் உரல். அதற்குள்ளே கனமான மர உலக்கை. உலக்கையோடு இணைத்த நீண்ட கட்டையில் மாட்டைப் பூட்டுவார்கள். மாடு வட்டமாகச் சுற்றிச் சுற்றி வர, எள்ளோ கடலையோ நசுங்கி எண்ணெய் இறங்கும். அந்த மாட்டின் இடத்தில்தான் வெயிலில் அவரை நிறுத்தினார்கள். ஊருக்கே வழக்காடியவர், இரண்டு கப்பல் வாங்கியவர், அதே வட்டத்தில் நாள் முழுக்க நடந்தார். எவ்வளவு தூரம் நடந்தாலும் ஓர் அடிகூட முன்னேறாத நடை அது.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அந்த இடத்தில் ஒரு மனிதனுக்கு என்னென்ன எண்ணம் வரும்? நான் யாருக்காகப் பாடுபட்டேனோ அவர்கள் எங்கே? என் கப்பல் என்ன ஆயிற்று? என் பிள்ளைகள் சாப்பிட்டார்களா? நான் செய்தது முட்டாள்தனமோ? கால் வட்டத்தில் நடப்பதுபோலவே மனமும் இதே கேள்விகளைச் சுற்றிச் சுற்றி வரும். நமக்கும் இந்த அனுபவம் உண்டு. ராத்திரி படுத்த பிறகு யாரோ சொன்ன ஒரு சொல்லை எடுத்துவைத்துக்கொண்டு விடியும்வரை அரைக்கிறோமே, அதுவும் ஒரு செக்குத்தான். அரைத்து அரைத்துப் பார்த்தாலும் எண்ணெய் மட்டும் வராது.

அவருக்கும் அந்தத் துயரமெல்லாம் இருந்தது. பின்னாளில் தம் வாழ்க்கையைச் செய்யுளாக எழுதியபோது சிறையில் பட்ட துன்பங்களை மறைக்காமல் சொல்லியிருக்கிறார். ஆனால் உடம்பைச் செக்கில் பூட்டியவர்களுக்கு மனத்தையும் பூட்டக் கொடுக்கவில்லை. மனத்துக்கு வேறொரு வேலை கொடுத்தார். ஜேம்ஸ் ஆலன் என்பவரின் ஆங்கில நூலை எடுத்துத் தமிழில் எழுதத் தொடங்கினார். மனம் போல் வாழ்வு என்று அதற்குப் பெயர் வைத்தார். 1909-ஆம் ஆண்டின் நூல் அது. அவர் சிறைக்குள் இருந்த காலத்தது.

இந்த ஜேம்ஸ் ஆலன் ஓர் ஆங்கிலேயர். இதைக் கவனிக்க வேண்டும். ஆங்கிலேயரின் ஆட்சியை எதிர்த்துச் சிறைக்குப் போனவர், அதே நாட்டுக்காரன் ஒருவனுடைய புத்தகத்தை வெறுப்பில்லாமல் கையில் எடுத்தார். ஆலனும் வசதியில் பிறந்தவரல்லர். 1864-இல் இங்கிலாந்தில் லெஸ்டர் என்னும் ஊரில் பிறந்தவர். பிழைப்புத் தேடி அமெரிக்கா போன தகப்பனார் போன இடத்திலேயே கொல்லப்பட்டார். 15 வயதில் பள்ளியை விட்டு வேலைக்குப் போன பையன், 1903-இல் எழுதிய சின்னப் புத்தகம் அது. பிழைப்புத் தேடிப்போன தகப்பன், பள்ளியை விட்ட மகன் என்ற கதையெல்லாம் நம் தோட்டத்து லயத்திலும் உண்டு அல்லவா?

அந்த நூல் மனத்தைத் தோட்டத்துக்கு ஒப்பிடுகிறது. இங்கிலாந்துக்காரர் பூந்தோட்டத்தை நினைத்து எழுதியிருப்பார். நமக்குத் தோட்டம் என்றால் ரப்பர்த் தோட்டம், செம்பனைத் தோட்டம். ஆகவே நம் தோட்டத்தை வைத்தே பேசுவோம்.

லாலான் புல்லை அறியாதவர் நம்மில் உண்டா? மேலே வெட்டி எறிந்துவிட்டால் பார்க்கச் சுத்தமாக இருக்கும். இரண்டு மழை பெய்தால் பழையபடி முழங்கால் உயரம் நிற்கும். காரணம், அதன் வேர்த்தண்டு மண்ணுக்குக் கீழே ஊசிபோலக் குத்திக்கொண்டு ஓடுகிறது. அனுபவமுள்ள தோட்டக்காரர்கள் என்ன செய்தார்கள்? அடித்தண்டைத் தோண்டி எடுத்தார்கள். எடுத்த இடத்தை வெறுமனே விடாமல், மண்ணை மூடிப் படர்கிற பயற்றங்கொடி வகைகளை விதைத்தார்கள். கொடி படர்ந்து வெளிச்சத்தை மறைத்த இடத்தில் லாலான் தலைதூக்க முடியவில்லை.

கெட்ட எண்ணமும் அப்படித்தான். நினைக்காதே என்று சொன்னால் போகாது. என்னால் முடியாது என்று நினைக்காதே என்று பிள்ளையிடம் ஆயிரம் தடவை சொல்லுங்கள், அவன் முடியாது என்ற சொல்லைத்தான் ஆயிரம் தடவை கேட்டிருப்பான். அந்த இடத்தில் வேறொன்றை நட வேண்டும். எனக்கு மலாய் வராது என்பதற்குப் பதிலாக, இன்றைக்குப் பத்துச் சொல் தெரிந்துகொண்டேன் என்று ஒன்றை. எனக்குக் கணக்கு வராது என்பதற்குப் பதிலாக, பின்னம் மட்டும்தான் புரியவில்லை, நாளைக்கு ஆசிரியரிடம் கேட்பேன் என்று ஒன்றை. பொய்யாக நான்தான் கெட்டிக்காரன் என்று சொல்லிக்கொள்ளத் தேவையில்லை. பொய் வேர் பிடிக்காது. நடக்கக்கூடிய ஒரு சின்ன உண்மை போதும். வ.உ.சி. செக்கடியில் செய்ததும் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. நாளைக்கே விடுதலை என்று கனவு கண்டுகொண்டிருக்காமல், கைக்கெட்டிய ஒரு வேலையில் மனத்தை நட்டார். புத்தகம் ஒரு நாளில் முடியாது. ஒரு பக்கம் முடியும்.

இங்கே ஒரு தடை எழும். தோட்டத்தில் வேலை செய்கிற அண்ணன்மார் யாராவது கேட்பார்கள்: ஐயா, மனம்போலத்தான் வாழ்வு என்றால், நாங்கள் ஏழையாக இருப்பது எங்கள் நினைப்பின் கோளாறா? நல்லதாக நினைத்துக்கொண்டால் சம்பளம் கூடிவிடுமா? நியாயமான கேள்வி. என் மனத்தில் பட்டதைச் சொல்கிறேன்: ஆலனின் நூலில் எனக்கும் முழுச் சம்மதமில்லாத இடம் அது. மனிதனுடைய நிலைமை அவனுடைய எண்ணத்திலிருந்தே விளைகிறது என்று அவர் ஒரேயடியாகச் சொல்லும்போது, கூலியைக் குறைத்தவனுக்கும் லயத்துக் கூரையைப் பழுதுபார்க்காதவனுக்கும் தப்பித்துக்கொள்ள வழி கிடைத்துவிடுகிறது.

ஆனால் அந்த நூலைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் அதை அப்படிப் புரிந்துகொள்ளவில்லை என்பதற்கு அவர் வாழ்க்கையே சாட்சி. இதற்காகத்தான் கோரல் மில்லை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். அந்தத் தொழிலாளர்களிடம் அவர் போய், நல்லதை நினையுங்கள், குறைந்த கூலியிலும் மகிழ்ச்சி காணுங்கள் என்று உபதேசம் பண்ணவில்லை. கூலி கேளுங்கள், விடுமுறை கேளுங்கள் என்றார், கூடவே நின்றார். நமக்கு எங்கே தரப்போகிறார்கள் என்ற எண்ணம் மாறியபோதுதான் அவர்கள் கேட்கவே எழுந்தார்கள். எண்ணம் மாறியது, அதனோடு ஒற்றுமையும் வேலைநிறுத்தமும் சேர்ந்தபோதுதான் கூலி மாறியது. எண்ணம் மட்டும் மாறி, மனிதர்கள் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் கோரல் மில்லில் ஒரு காசும் கூடியிருக்காது.

1910 டிசம்பரில் அவரைக் கண்ணனூர்ச் சிறைக்கு மாற்றினார்கள். அங்கேயும் எழுத்து நிற்கவில்லை. அறநெறிகளைச் சுருங்கச் சொல்லும் மெய்யறம் என்ற செய்யுள் நூல் சிறைவாசத்தின் விளைவு, 1914-இல் அச்சானது. குறளில் தோய்ந்த மனம் அவருடையது என்பது அதைப் படித்தால் தெரியும். இதற்கிடையில் வெளியே 1911-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியை மூடிவிட்டார்கள். காலியா கப்பலை எதிர்க் கம்பெனிக்கே விற்றுவிட்டார்கள். சிறைக்குள்ளே பட்ட அடிகளைவிட இந்த அடி பெரிது.

1912 டிசம்பரில் விடுதலை. கைதானபோது ஊரே கொந்தளித்தது. வெளியே வந்தபோது வாசலில் காத்திருந்தவர்கள் ஒரு சிலர். வக்கீல் தொழில் செய்யும் சன்னதைப் பறித்துவிட்டார்கள். சொத்தெல்லாம் வழக்கிலும் கம்பெனியிலும் கரைந்துபோயிற்று. குடும்பத்தோடு சென்னைக்குப் போய், அரிசி வியாபாரம், மண்ணெண்ணெய் வியாபாரம், நெய் வியாபாரம் என்று எதையெதையோ செய்து பார்த்தார். எதுவும் சரியாக நிலைக்கவில்லை. நேர்மையான மனிதர், வியாபாரத் தந்திரம் தெரியாது.

அந்த வறுமையிலேதான் 1914-இல் அகமே புறம், 1916-இல் வலிமைக்கு மார்க்கம் என்று ஆலனின் இன்னும் இரண்டு நூல்கள் தமிழில் வந்தன. 1917-இல் திருக்குறள் அறத்துப்பாலை மணக்குடவர் உரையோடு பதிப்பித்தார். சமையலுக்கு அரிசி இருந்ததோ இல்லையோ, மேசையில் வேலை இருந்தது.

இந்த நாட்களைச் சேர்ந்த ஒரு சம்பவம் எனக்கு மிகவும் பிடித்தது. தென்னாப்பிரிக்காவில் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாய்ப் போன தமிழர்களின் வழிவந்தவர்களும் அங்கிருந்த மற்றத் தமிழர்களும் வ.உ.சி.யின் கஷ்டத்தைக் கேள்விப்பட்டுப் பணம் சேர்த்தார்கள். கடல் கடந்து போன தோட்டத்து ஜனங்கள், முகம் பார்த்திராத ஒரு மனிதருக்காகக் கொடுத்த பணம். அதைக் காந்தியடிகளிடம் ஒப்படைத்திருந்தார்கள். பல வேலைகளுக்கு நடுவே அந்தக் கணக்கு எங்கோ சிக்கிக்கொண்டது. 1915-இல் வ.உ.சி. அதைப்பற்றி அவருக்குக் கடிதம் எழுதினார். விவரம் தெரியவில்லை என்று பதில். மறுபடி எழுதினார். மறுபடியும் தாமதம். கௌரவம் பார்த்து, எனக்குப் பணம் வேண்டாம் என்று எழுதிவிடலாம். சுயமரியாதை உள்ளவர்கள் பலர் அப்படித்தான் செய்திருப்பார்கள். அவர் செய்யவில்லை. இன்றுள்ள நிலைமையில் வேண்டாம் என்று சொன்னால் அது எனக்கும் என் குடும்பத்துக்கும் செய்கிற தவறாகும் என்ற கருத்தில் வெளிப்படையாகவே எழுதினார். கோபமும் இல்லை, குழைவும் இல்லை. 1916-இல் 347 ரூபாய் 12 அணா வந்து சேர்ந்தது.

நல்ல மனப்பான்மை என்றால் எப்போதும் பல்லைக் காட்டிக்கொண்டு, எல்லாம் நல்லாயிருக்கு என்று சொல்லித் திரிவது என்று நம்மில் சிலர் நினைக்கிறோம். அந்தக் கடிதங்களைப்பற்றித் தெரிந்துகொண்ட பிறகு எனக்கு அந்த நினைப்பு போய்விட்டது. தன் கஷ்டத்தை உள்ளபடி சொல்லவும், தனக்குச் சேரவேண்டியதைக் கேட்கவும், கேட்டது வரத் தாமதமானால் மறுபடி கேட்கவும் திடமான மனம் வேண்டும். உதவிச் சம்பளப் பாரத்தை ஒரு தடவை நிரப்பிக் கொடுத்து, பதில் வராததும் நம்ம பிள்ளைக்குத் தர மாட்டார்கள் என்று விட்டுவிடுகிற பெற்றோர்கள் இதை எண்ணிப் பார்க்கலாம்.

சென்னையில் இருந்தபோதே திரு.வி.க. முதலியோரோடு சேர்ந்து தொழிற்சங்க வேலையிலும் ஈடுபட்டார். பிறகு வாலஸ் என்ற ஆங்கில நீதிபதி, வ.உ.சி.யின் குணத்தை அறிந்தவர், அவருடைய சன்னது திரும்பக் கிடைக்க உதவினார். நன்றியை அவர் எப்படிக் காட்டினார் என்று கேளுங்கள். தமக்குப் பிறந்த மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். ஓர் ஆங்கில நீதிபதி 40 ஆண்டு தண்டனை எழுதினார். அதற்காக ஆங்கிலேயர் எல்லோரும் ஒன்று என்று அவர் எண்ணவில்லை. ஒருவன் ஏமாற்றினால் அந்த இனமே ஏமாற்றும் இனம் என்று பேசுகிற வழக்கம் நம்மிடமும் உண்டே!

1924 முதல் கோவில்பட்டியிலும், 1932 முதல் மீண்டும் தூத்துக்குடியிலும் வக்கீலாக இருந்தார். வருமானம் பெரிதாக வந்துவிடவில்லை. கடன் இருந்தது. கப்பல் திரும்பி வரவில்லை. அவர் காலத்தில் சுதந்திரமும் வரவில்லை. துறைமுகத்தில் பி.ஐ. கம்பெனியின் கப்பல்கள் வந்துபோய்க்கொண்டுதான் இருந்தன. அந்த ஊரிலே இருந்துகொண்டு, 1934-இல், தம்முடைய 62-ஆம் வயதில், ஆலனின் இன்னொரு நூலைச் சாந்திக்கு மார்க்கம் என்ற பெயரில் தமிழில் வெளியிட்டார். முதல் புத்தகத்துக்கும் இதற்கும் இடையே 25 ஆண்டு. அடுத்த ஆண்டு சிவஞான போதத்துக்கு அவர் எழுதிய உரை வந்தது.

1936 நவம்பர் 18-ஆம் நாள் தூத்துக்குடியில் காலமானார். கடைசி நேரத்தில் தம்மைக் காங்கிரஸ் அலுவலகத்துக்குக் கொண்டுபோகச் சொல்லி, பாரதியார் பாடல்களைப் பாடச் சொல்லிக் கேட்டுக்கொண்டே கண்மூடினார் என்பார்கள். யார் யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று தம் கடன் விவரங்களை உயிலில் எழுதிவைத்திருந்தார். அவர் இழுத்த செக்கு கோயம்புத்தூர் மத்தியச் சிறையில் நினைவுச் சின்னமாக இருக்கிறது. தூத்துக்குடித் துறைமுகத்துக்கு 2011-இல் அவருடைய பெயரைச் சூட்டினார்கள்.